ஃப்ரீசெல்: முதல் ஆட்டத்தை ஆடுவது எப்படி?

52 சீட்டுகளும் தொடக்கத்திலேயே முகம் காட்டிக் கிடக்கும், ஒருவர் தனியாக ஆடும் சொலிடேர் சீட்டாட்டம் ஃப்ரீசெல். மறைவில் எதுவும் இல்லாததால் அதிர்ஷ்டத்தைவிட யோசனைக்கே இதில் வேலை அதிகம். புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

கணினியில் ஆட்டத்தைத் திறந்ததும் மேலிருந்து கீழாக எட்டு வரிசைகள் தெரியும்: முதல் நான்கில் ஏழேழு சீட்டுகள், மற்றவற்றில் ஆறாறு. மேலே எட்டுக் கட்டங்கள். அவற்றில் நான்கு, சீட்டுகளைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்க. ஒன்றில் ஒரு சீட்டுதான். மற்ற நான்கும், ஒவ்வொரு சின்னத்தையும் (ஹார்ட், டைமண்ட், கிளாவர், இஸ்பேட்) ஏஸ் முதல் ராஜா வரை அடுக்கி முடிக்க. எல்லாச் சீட்டுகளும் அங்கே சேர்ந்தால் வெற்றி.

வரிசையின் கடைசிச் சீட்டைத்தான் எடுக்க முடியும். அதை வேறொரு வரிசையில், ஓர் எண் பெரியதும் நிறம் மாறியதுமான சீட்டின் மீது வைக்கலாம்: சிவப்பு 8-இன் மீது கறுப்பு 7. காலியான வரிசையில் எதையும் வைக்கலாம்.

உடனே மவுஸைத் தொடாதீர்கள். முதலில் நான்கு ஏஸ்களும் எங்கே புதைந்திருக்கின்றன என்று பாருங்கள். கிளாவர் ஏஸின் மீது ஹார்ட்டின் ராணி, இஸ்பேட் 4, டைமண்ட் 9 என மூன்று சீட்டுகள் அடுத்தடுத்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசியில் உள்ள 9 வேறொரு வரிசையின் கறுப்பு 10-க்குப் போகிறது. 4 ஒரு சிவப்பு 5-க்குப் போகிறது. ராணிக்குக் கறுப்பு ராஜா கிடைக்காததால் அவளைக் கட்டத்தில் வைக்கிறோம். ஒரே கட்டச் செலவில் ஏஸ் வெளியே வந்துவிட்டது. ஆனால் கறுப்பு ராஜாக்கள் இரண்டும் வரிசைகளின் அடியில் சிக்கியிருந்தால் ராணி நெடுநேரம் அந்தக் கட்டத்தை அடைத்துக்கொள்வாள். இதை முன்கூட்டியே பார்ப்பதில்தான் ஆட்டத்தின் அழகே இருக்கிறது.

கட்டங்களைக் காலியாக வைத்திருக்கச் சொல்வதற்குக் கணக்கு உண்டு. விதிப்படி ஒரு நேரத்தில் ஒரு சீட்டுதான் நகரும். தொடராக உள்ள சீட்டுகளைச் சேர்த்து இழுக்கும்போது, கணினி காலிக் கட்டங்களைப் பயன்படுத்தி அவற்றை ஒவ்வொன்றாகக் கடத்துகிறது. நான்கும் காலியென்றால் ஐந்து சீட்டுகள் நகரும். இரண்டு காலியென்றால் மூன்று. அதோடு ஒரு வரிசையும் காலியாக இருந்தால் அந்த மூன்று ஆறாகும். (அந்தக் காலி வரிசைக்கே நகர்த்தினால் இரட்டிப்பு கிடையாது.) எனவே காலி வரிசை கிடைத்தவுடன் ராஜாவைக் கொண்டுபோய் நிரப்பும் அவசரம் வேண்டாம்.

ஒரு சின்னத்தை மட்டும் மேலே வேகமாக ஏற்றிவிடாதீர்கள். சிவப்பு 5 போய்விட்டால், கறுப்பு 4-ஐ வைக்க இடம் குறைந்துவிடும்.

சிக்கிக்கொண்டால் ‘பின்செல்’ பொத்தான் இருக்கிறது, தயங்காமல் பயன்படுத்துங்கள். விண்டோஸ் 95-இல் வந்த 32,000 எண்ணிட்ட ஆட்டங்களில் தீர்வே இல்லாதது 11982-ஆம் ஆட்டம் மட்டும்தான். ஆகவே தோற்ற ஆட்டத்தின் எண்ணைக் குறித்துவைத்து, அதையே மறுபடியும் திறந்து, இம்முறை வேறொரு ஏஸிலிருந்து தொடங்குங்கள்.