ஆப்பிரிக்க அரசியல் மானிடவியலில் ஆய்வைத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்க அரசியல் மானிடவியலிலும் மோதல் தீர்விலும் ஆய்வு செய்ய வருபவர்கள் அதிகம் இடறி விழும் இடம், பழைய இனவரைவியல் நூலில் படித்த வழக்கத்தை இன்றைய அமைதித் திட்டமாக எழுதிவிடுவதுதான்.

இன்றைய தெற்கு சூடானில் மாடு வளர்த்து வாழும் நுயர் மக்களைப் பற்றி பிரிட்டிஷ் மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிச்சர்ட் 1940இல் வெளியிட்ட நூலின்படி, கொலை செய்தவன் சிறுத்தைத்தோல் தலைவர் எனப்படும் சடங்குத் தலைவரின் வீட்டில் அடைக்கலம் புகுவான். அவர் மீன்குத்தும் ஈட்டியால் அவன் கையைக் கீறிக் குருதி வடியச் செய்யும்வரை கொலையின் தீட்டு அவனை ஒட்டியிருக்கும் என்பதால் அவன் உண்ணவும் கூடாது, பருகவும் கூடாது. பிறகு அவரே இடையில் நின்று நாற்பது, ஐம்பது மாடுகள்வரை இழப்பீடு பேசி முடிப்பார். தண்டிக்கும் அதிகாரம் எதுவும் அவருக்கு இல்லை. படிப்பவரை மயக்கும் சித்திரம்தான். ஆனால் நுயரை அடக்கப் படையை ஏவிய ஆங்கிலோ-எகிப்திய சூடான் அரசின் வேண்டுகோளின்பேரில்தான் அந்த ஆய்வே நடந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பின்னர் உள்நாட்டுப் போரில் துப்பாக்கிகள் பெருகியபோது, அரசுகளின் போரில் விழும் கொலைக்கு இந்தத் தீட்டு ஒட்டாது என்று தளபதிகள் மக்களை நம்பவைக்க முயன்றதை மானிடவியலாளர் ஷாரன் ஹட்சின்சன் பதிவு செய்திருக்கிறார். சுட்டவன் யாரென்றே தெரியாதபோது மாடுகளை யாரிடம் கேட்பது?

1994 இனப்படுகொலைக் குற்றங்களை ஊர் மக்களே விசாரித்த ருவாண்டாவின் ககாச்சா மன்றங்களையும் இதே கண்மூடித்தனத்துடன் புகழ்கிறார்கள். 2012இல் மூடப்படுவதற்குள் ஏறத்தாழ 12,000 மன்றங்கள் 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை விசாரித்தன என்பது உண்மை. ஆனால் அவை அரசு சட்டமியற்றி அமைத்தவை, போரில் வென்று ஆட்சியைப் பிடித்த ருவாண்டா தேசபக்த முன்னணியின் படையினர் செய்த கொலைகள் அவற்றின் வரம்புக்குள் வரவில்லை. மரத்தடிப் பஞ்சாயத்து என்று எழுதி முடித்துவிட்டால் இந்த இரண்டும் கண்ணில் படாமலே போகும்.

ஆப்பிரிக்க அறிஞர்களை மேற்கோள் பட்டியலின் கடைசியில் ஒட்டவைப்பதும் தவறே. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மானிடவியலாளர் ஆர்ச்சி மஃபேஜேவை 1968இல் கேப் டவுன் பல்கலைக்கழகம் விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்தது; நிறவெறி அரசு நெருக்கியதும் அந்த நியமனத்தை விலக்கிக்கொண்டது. எல்லா மோதலையும் இனக்குழுப் பகை என்று விளக்கும் போக்கை 1971இலேயே அவர் கடுமையாக விமர்சித்துவிட்டார். அதைப் படிக்காமல் எழுதப்படும் ஆய்வேடுகள் இன்றும் வருகின்றன என்பதுதான் வியப்பு.

களத்தில் மொழிபெயர்ப்பாளர் எந்தக் குலத்தவர் என்று கேளாமல் அவரை அமர்த்துவதும் வழக்கமான பிழை. மோதல் நடந்த ஊரில் அவரும் ஒரு தரப்பினரே. அவர் அருகில் இருக்கும்போது எதிர்த்தரப்பினர் வாய் திறக்கமாட்டார்கள், திறந்தாலும் அவர் காதுக்கு ஏற்றதையே சொல்வார்கள்.