பழைய ஒமேகா வாட்ச் வாங்குமுன்: கதையைக் கேளுங்கள், பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எந்த வாட்சைத் தொட்டாலும் ஒரு கதை வரும். "ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போனப்ப வாங்குனதுண்ணே. 42ல ஜப்பான்காரன் வந்தப்ப கையில கட்டிக்கிட்டே வந்தாக." (கொண்டுவிக்க என்றால் கடல்கடந்து வியாபாரம் செய்ய.) கடைக்காரர் ஒருவர் என்னிடம் இப்படிச் சொல்லி நீட்டியது ஒரு ஒமேகா சீமாஸ்டர்.

1. ஆண்டைக் கணக்குப் போடுங்கள். கதை 1942ஐச் சொல்கிறது; சீமாஸ்டர் மாடல் வெளிவந்ததே 1948இல். ஒமேகாவின் இன்னொரு மாடலான கான்ஸ்டலேஷன் 1952. ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 1945. போகுமுன் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. டயலை லென்ஸில் பாருங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். நம் பக்கம் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மிஷின் அசலாக இருக்கும், டயல் மட்டும் புதுப் பெயின்ட். எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு சேராது, அடியில் 'ஸ்விஸ் மேட்' பாதி வெட்டுப்பட்டிருக்கும். அறுபது வருஷ டயல் புது எவர்சில்வர் தட்டுபோல மின்னினால் சந்தேகப்படுங்கள். கண்ணாடி நடுவே பொடியாக ஒமேகா சின்னம் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் போலி என்று அர்த்தமில்லை, கண்ணாடியை மாற்றியிருக்கலாம்.

3. இருட்டில் பாருங்கள். 1960களின் டயலில் அடியில் 'T' எழுத்து இருந்தால் இருட்டில் ஒளிரும் டிரிடியம் பூச்சு. அதன் வீரியம் சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். இன்று பளிச்சென்று ஒளிர்ந்தால் பிற்பாடு பூசியது. அதற்கும் முந்தியவை கதிர்வீச்சு ஆபத்துள்ள ரேடியம்; சுரண்டிப் பார்க்கவே வேண்டாம்.

4. பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். முக்கியமான படி இதுதான். தெரிந்த மெக்கானிக்கைக் கூடவே கூட்டிப்போங்கள். மூடியின் உள்ளே மாடல் எண், மிஷினில் தொடர் எண் இருக்கும். ஒமேகாவில் 1 கோடியே 40 லட்சத்தை ஒட்டிய எண் என்றால் 1950களின் நடுப்பகுதி. பழைய ரோலெக்ஸுக்கு ஸ்ட்ராப்பைக் கழற்ற வேண்டும்: 12 மணிப் பக்கம் மாடல் எண், 6 மணிப் பக்கம் தொடர் எண். திறக்க மறுக்கிற கடையில் நிற்காதீர்கள்.

என் சீமாஸ்டரின் எண் 1950களைச் சொன்னது. மிஷின் அசல், டயல் மறுபூச்சு. அதைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கினேன். மஞ்சப்பையில் போட்டுக் கொடுக்கும்போதும் கடைக்காரர் விடவில்லை: "42லண்ணே…"