வேறு நிறுவனக் காருக்கு மாறிய முதல் சில மாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினொரு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் காரை ஓட்டிவிட்டு வேறு நிறுவனத்தின் காருக்கு மாறியபோது, முதல் மாதத்தில் புதிய வண்டியின் மீது நான் சொன்ன குறைகளில் பாதிக்கு மேல் வண்டியுடையவை அல்ல. பழைய கார் என் கைகால்களில் படிய வைத்திருந்த பழக்கங்களால் வந்தவை. மாருதி சுசூகி, ஹூண்டாய் போன்றவற்றிலிருந்து ஸ்கோடா, வோக்ஸ்வேகன் போன்ற ஐரோப்பிய நிறுவனங்களின் கார்களுக்கு மாறுகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

டெலிவரி எடுத்த கையோடு நெரிசலான சாலையில் இறங்குவதுதான் முதல் தவறு. நம் நாட்டில் விற்கும் ஜப்பானிய, கொரிய நிறுவனங்களின் கார்களில் இண்டிகேட்டர் வலக்கையில் இருக்கும். ஸ்கோடாவிலும் வோக்ஸ்வேகனிலும் அது இடக்கையில் இருக்கிறது. நிதானமாக ஓட்டும்போது இது நினைவில் நிற்கும், ஆனால் அவசரமாகத் திரும்ப வேண்டிய இடத்தில் கை பழைய பக்கத்துக்கே போய் வைப்பரை ஓடவிடும், பின்னால் வருபவருக்கோ நாம் திரும்பப் போவது தெரியாது. ரிவர்ஸ் கியர் இதைவிடக் கவலைக்குரியது. பல மாருதி கார்களில் அது வலப்பக்கம் கீழே இருக்க, ஸ்கோடா, வோக்ஸ்வேகன் மேனுவல் கார்களில் கியர் தண்டைக் கீழே அழுத்தி, இடப்பக்கம் தள்ளி, முதல் கியரின் அருகே முன்னால் போட வேண்டும். சரியாக அழுத்தாமல் தள்ளினால் முதல் கியர் விழுந்து, பின்னால் போக வேண்டிய வண்டி எதிரே உள்ள சுவரை நோக்கிப் போகும். ஒரு ஞாயிறு காலையில் காலி மைதானத்தில் அரை மணி நேரம் பழகினால் போதும். வீட்டில் வண்டி எடுக்கும் மற்றவர்களும் அவ்வாறே பழக வேண்டும். ஆக்டிங் டிரைவரை அழைத்தால், சாவியைக் கொடுக்கும் முன் இந்த இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, எஞ்சினைப் பற்றிய அவசரத் தீர்ப்பு. 2021 முதல் 2024 வரை விற்ற மாருதி ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் எஞ்சினில் உச்ச முறுக்கு விசையான (டார்க்) 113 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 4400 சுற்றில் வந்தாலும், டர்போ இல்லாத அந்த எஞ்சின் தாழ்ந்த சுற்றிலும் சீராக இழுக்கும். ஸ்கோடா குஷாக், வோக்ஸ்வேகன் டைகன் ஆகியவற்றின் 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் 178 நியூட்டன் மீட்டர் தருகிறது, ஆனால் அந்த விசை 1750 சுற்று அளவில்தான் முழுமையாகக் கிடைக்கும். பழைய பழக்கத்தில் வேகத்தடையை மூன்றாம் கியரிலேயே கடக்க முயன்றால் வண்டி திணறும், உடனே நாம் பிக்கப் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அங்கே செய்ய வேண்டியது இரண்டாம் கியருக்கு இறங்குவது மட்டுமே. நான்கு சிலிண்டரிலிருந்து மூன்று சிலிண்டருக்கு வருகிறவர்கள், வண்டி நிற்கும்போது உணரும் மெல்லிய அதிர்வையும் பழுதென்று எண்ண வேண்டியதில்லை.

மைலேஜ் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். அந்த ஸ்விஃப்டின் டேங்க் 37 லிட்டர், குஷாக்கின் டேங்க் 50 லிட்டர். ஆகவே, ஒரு முறை டேங்க் நிரப்ப எவ்வளவு பணம் ஆனது, அதில் எவ்வளவு தூரம் ஓடியது என்று இரண்டு கார்களையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஒரே பெட்ரோல் பங்கில், குழாய் தானாக நிற்கும் அளவுக்கு நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை மீண்டும் நிரப்பிய லிட்டரால் வகுத்து, இப்படி மூன்று முறையாவது பார்த்த பிறகே பேச வேண்டும்.

சஸ்பென்ஷன் கல்லைப் போல இருக்கிறது என்ற குறையைச் சொல்லும் முன் டயர் காற்றைப் பாருங்கள். கிடங்கில் நாள்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்குக் காற்றை அதிகமாக அடைத்து வைப்பார்கள். டெலிவரிக்கு முன் அதைக் குறைக்க மறந்துவிடுவதும் உண்டு. ஓட்டுநர் கதவின் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறமோ ஒட்டியிருக்கும் அளவின்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது சரிசெய்ய வேண்டும். பழைய காருக்கு அடைத்த அளவையே பங்கில் சொல்லிவிடுவது அடுத்த தவறு.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை எஞ்சினை உச்ச சுற்றுக்கு விரட்டக் கூடாது. இரட்டைக் கிளட்ச் தானியங்கி வண்டி வாங்கியவர்கள், மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்கவே கூடாது. குஷாக், டைகன் 1.5 லிட்டரில் வரும் ஏழு கியர் அமைப்பு, ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச் வகையைச் சேர்ந்தது. அப்படிப் பிடித்தால் கிளட்ச் வழுக்கிச் சூடேறும். பிரேக்கில் நிறுத்துவதே சரி.

சர்வீஸ் இடைவெளியையும் ஆயில் வகையையும் புதிய காரின் கையேட்டின்படியே கடைப்பிடியுங்கள், பழைய காரின் பழக்கப்படி அல்ல.

பழைய காரைப் புதிய நிறுவனத்தின் ஷோரூமிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால், மூன்று வேலைகளை மறக்கக் கூடாது. க்ளெய்ம் செய்யாததற்கான காப்பீட்டுத் தள்ளுபடி வண்டிக்கு உரியது அல்ல, உரிமையாளருக்கு உரியது. ஐந்து ஆண்டுகள் க்ளெய்ம் இல்லாவிட்டால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியில்) 50 விழுக்காடு குறையும் என்பதால், பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழை வாங்கிவிடுங்கள். பழைய பாஸ்டேக்கை மூடிவிட வேண்டும். ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதா என்பதையும், ஷோரூமில் சொல்வதை மட்டும் நம்பாமல், நேரடியாகச் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது.