படம் ஜெனரேட் ஆகலயா? மறுபடி பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

ஏஐ சர்வீஸ்ல படம் வரலன்னதும் எல்லாரும் மொதல்ல ஜெனரேட் பட்டனத்தான் மறுபடி மறுபடி அமுக்கறாங்க. தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க, சர்வர் என்ன பதில் சொல்லிருக்குன்னு படிங்க, பாதி பிரச்சனைக்கு விடை அதுலயே இருக்கும். கோட்ல இருந்து ஏபிஐய (நம்ம புரோகிராம் அந்த சர்வீஸோட பேசற வழி) கூப்பிடறவங்க ஸ்டேட்டஸ் நம்பரோட (401, 500 மாதிரி சர்வர் அனுப்பற மூணு இலக்க நம்பர்) நிறுத்தாம ரெஸ்பான்ஸ் பாடிய, அதாவது பதில்ல உள்ள விஷயத்த, முழுசா லாக் பண்ணுங்க, ஏன்னா நம்ம கோடே பல நேரம் எர்ரர்னு ஒத்த வரில முடிச்சிட்டு உள்ள இருக்கற உண்மையான மெசேஜ முழுங்கிடும். வெப்சைட்ல யூஸ் பண்றவங்க எஃப்12 அமுக்கி நெட்வொர்க் டேப்ல செவப்பா நிக்கற வரிய கிளிக் பண்ணுங்க, அதே விஷயம் அங்கயும் கிடைக்கும்.

அந்த ஸ்டேட்டஸ் நம்பர் 4ல ஆரம்பிச்சா பெரும்பாலும் நாம அனுப்புனதுல ஏதோ சரியில்ல, 5ல ஆரம்பிச்சா அவங்க பக்கம் கோளாறு.

401னா ஏபிஐ கீயப் பாருங்க, அதான் நீங்க யாருன்னு சர்வருக்குச் சொல்ற ரகசிய எழுத்து வரிசை. காப்பி பண்ணும்போது கடைசில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வந்துடும், கண்ணுக்கே தெரியாது, கீயோட நீளத்த பிரிண்ட் பண்ணிப் பாத்தா மாட்டிக்கும். 403னா கீ ஓகே, ஆனா நீங்க கேக்கறதுக்கு பர்மிஷன் இல்ல. 404 வந்தா யூஆர்எல்லயும் மாடல் பேர்லயும் எழுத்துப் பிழை இருக்கா பாருங்க, இல்லன்னா அந்தப் பழைய மாடலயே தூக்கிருப்பாங்க.

400, 422ல எது வந்தாலும் நான் மொதல்ல பாக்கறது சைஸ். ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல் உள்ளுக்குள்ள படத்த அகலத்துலயும் உயரத்துலயும் எட்டுல ஒரு பங்கா சுருக்கித்தான் வேலை செய்யுது, அதனால ரெண்டும் 8ஆல வகுபடணும், சில சர்வீஸ் 64ஆல வகுபடணும்னு கேக்கும். 1000க்கு 700னு குடுத்தீங்கன்னா 1000 தப்பிச்சிடும், 700 மாட்டிக்கும், அத 704 ஆக்குனா சரியாயிடும், 64 கேக்கற இடத்துல 1000ஐயும் 1024 ஆக்கணும். ரெஃபரன்ஸ் படம் சேத்து அனுப்பறீங்களா, அத பேஸ்64 (படத்த வெறும் எழுத்தா மாத்தற முறை) ஆக்கும்போது சைஸ் மூணுல ஒரு பங்கு ஏறிடும், 6 எம்பி படம் 8 எம்பியா போகும், 413 (அனுப்புனது ரொம்பப் பெருசு) வர்றதுக்கு இதான் காரணமா இருக்கும்.

429ல ரெண்டு வகை இருக்கு, இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. ஒண்ணு நீங்க ரொம்ப வேகமா அனுப்பறீங்க, அப்ப பதிலோட ரீட்ரை-ஆஃப்டர்னு ஹெடர் (கூட வர்ற குறிப்பு) வந்திருந்தா அது சொல்ற நேரம் காத்திருங்க, வரலன்னா 1, 2, 4, 8 செகண்டுனு இடைவெளிய ஏத்திக்கிட்டே போங்க, கூட கொஞ்சம் ரேண்டமாவும் சேருங்க, இல்லன்னா எல்லா ரெக்வெஸ்டும் ஒரே நேரத்துல திரும்பப் போய் முட்டும். இன்னொண்ணு உங்க கோட்டாவே தீந்து போச்சு, அதுக்கு செகண்டு கணக்குல காத்திருந்து பிரயோஜனமே இல்ல, பில்லிங் பக்கத்தப் பாருங்க.

தகாத படங்களத் தடுக்கற ஃபில்டர்ல மாட்டுனா சில சர்வீஸ் எர்ரர் குடுக்கும், சிலது 200 ஓகேன்னு சொல்லிட்டு வெறும் கறுப்புப் படத்த அனுப்பும். பிராம்ப்ட்ட (என்ன படம் வேணும்னு நீங்க எழுதுனத) பாதி பாதியா வெட்டி அனுப்பிப் பாத்தா எந்த வார்த்தைன்னு புடிச்சிடலாம்.

டைம்அவுட்தான் இருக்கறதுலயே காசு கரைக்கற விஷயம். உங்க கோட் 30 செகண்டுல கைவிட்டாலும் அந்தப் பக்கம் சர்வர் பாட்டுக்கு படத்த வரைஞ்சு முடிச்சு கிரெடிட்டையும் எடுத்திருக்கலாம், நீங்க தெரியாம மறுபடி அனுப்புனா அதே படத்துக்கு ரெண்டாவது தடவ காசு போகும். அதனால மொதல்ல ஹிஸ்டரில படம் வந்திருக்கான்னு பாருங்க, டைம்அவுட்ட 2 நிமிஷத்துக்கு மேல வைங்க, ஜாப் ஐடி (நீங்க கேட்ட படத்துக்கான அடையாள நம்பர்) குடுக்கற சர்வீஸா இருந்தா அத உடனே சேவ் பண்ணிட்டு சில செகண்டுக்கு ஒரு தடவ ஸ்டேட்டஸ் மட்டும் கேளுங்க. படத்தோட லிங்க் கிடைச்சதும் டவுன்லோட் பண்ணிடுங்க, நிறைய சர்வீஸ்ல அந்த லிங்க் கொஞ்ச நேரத்துல செத்துடும்.

500, 502, 503க்கு நாம செய்யறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல, அந்த சர்வீஸோட ஸ்டேட்டஸ் பேஜ் பாத்துட்டு கொஞ்சம் விட்டு ட்ரை பண்ணுங்க. அப்பவும் வரலன்னா சப்போர்ட்டுக்கு எழுதும்போது ரெஸ்பான்ஸ்ல வந்த ரெக்வெஸ்ட் ஐடி, டைம்சோனோட நேரம், மாடல் பேர், அனுப்புன பாடி எல்லாத்தயும் சேத்துக் குடுங்க. ஏபிஐ கீய மட்டும் அதுல ஒட்டிடாதீங்க, ஒட்டிட்டீங்கன்னா அந்தக் கீய உடனே டெலிட் பண்ணிட்டு புதுசு எடுத்துடுங்க.