சிக்னல் நிறைய, படம் இல்லை

கூரை ஆன்டெனாவில் டிஜிட்டல் சேனல் பார்க்கும் டிவியின் சிக்னல் மெனுவில் ஸ்ட்ரெங்த் (சிக்னலின் வலிமை), குவாலிட்டி (அது எவ்வளவு பிழையில்லாமல் வருகிறது) என்று இரண்டு கோடுகள் வரும். எனக்கு முதல் கோடு எப்போதும் நிறைந்தே நின்றது. இரண்டாவது ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அது இறங்கும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒலி விக்கி, கடைசியில் கறுப்புத் திரை. அனலாக் காலத்தில் புள்ளி புள்ளியாகவாவது ஏதோ தெரியும். டிஜிட்டலுக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது.

ஸ்ட்ரெங்த் அதிகம், குவாலிட்டி குறைவு என்றால் எனக்கு முதல் சந்தேகம், ஆன்டெனா சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர்மேல்தான். அது டிவி சிக்னலோடு, பக்கத்திலேயே 700, 800 மெகாஹெர்ட்ஸில் வரும் 4ஜி சிக்னலையும் சேர்த்துப் பெருக்கித் திணறும். பூஸ்டரைக் கழற்றி, கேபிளை நேராக டிவியில் செருகினேன். ஸ்ட்ரெங்த் சரிந்தது, குவாலிட்டி ஏறி அசையாமல் நின்றது. ஒளிபரப்புக் கோபுரம் தொலைவில் இருப்பவர்களுக்கு பூஸ்டர் தேவைப்படலாம். அவர்கள் அதற்கு முன்னால் 4ஜி சிக்னலைத் தடுக்கும் ஒரு ஃபில்டர் மாட்டிப் பார்க்கலாம்.

அப்புறமும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து வரும் ஒரு சேனல் தொகுப்பு மட்டும் அடம்பிடித்தது, இருப்பதிலேயே அதிக அதிர்வெண்ணில் வருவது. கூரையேறி ஆன்டெனாவின் இணைப்புப் பெட்டியைத் திறந்தால், கேபிளின் செம்புப் பின்னல் பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. ஈரம் இறங்கிய கேபிளில் அதிர்வெண் கூடக் கூட இழப்பும் கூடும். புது 75 ஓம் கேபிள் இழுத்தேன். பெட்டிக்குள் நுழையும் முன் அதைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டினேன். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். பிறகு சேனல்களை மறுபடி ஸ்கேன் செய்தேன், அந்தத் தொகுப்பும் வந்துவிட்டது.