கூற்றில் ஒளிந்திருக்கும் அனுமானம்: எதிர்மறையாக்கிப் பாருங்கள்

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் தர்மபுரி நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. 'கூற்று - அனுமானம்' கேள்வியில் ஒரு கூற்றைத் தந்து, அதில் வெளிப்படையாகச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கும் அனுமானம் எது என்று கேட்பார்கள். சந்தேகம் வந்தால், அனுமானத்தை எதிர்மறையாக்குங்கள். கூற்று ஆட்டம் கண்டால், அந்த அனுமானம் அதில் உள்ளது. நம் ஊர்ச் செய்தியையே எடுத்துக்கொள்வோம்:

"நீர்வரத்து அதிகரித்ததால் ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை."

அனுமானம் 1: நீர்வரத்து அதிகமானால் பரிசலில் போவது ஆபத்து. 'ஆபத்தே இல்லை' என்று மாற்றிப் பாருங்கள். அப்புறம் தடை எதற்கு? எனவே இது சரி.

அனுமானம் 2: தடை இல்லாவிட்டால் வருகிறவர்கள் எல்லோரும் பரிசல் ஏறுவார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'எல்லோரும் ஏறுவார்கள்' என்பதற்கு எதிர்மறை 'ஒருவரும் ஏற மாட்டார்கள்' அல்ல, 'சிலராவது ஏற மாட்டார்கள்' என்பதுதான். பத்துப் பேர் மட்டும் ஏறினாலும் அவர்களுக்காகத் தடை வேண்டுமே! கூற்று அசையவில்லை, எனவே இது தவறு. 'மட்டும்', 'எப்போதும்', 'ஒரே வழி' போன்ற சொற்களைக் கண்டாலும் இதே நிதானம் தேவை.

அனுமானம் 3: பயணிகள் ஏமாற்றத்துடன் திரும்புவார்கள். உண்மையில் அப்படி நடக்கலாம். ஆனால் அது தடைக்குப் பின் வரும் விளைவு. அனுமானம் என்பது, சொல்கிறவர் பேசும் முன்பே மனதில் ஏற்றுக்கொண்டிருப்பது. ஒகேனக்கல் நமக்குப் பழகிய இடம் என்பதால் சொந்த அனுபவம் குறுக்கே வரும். அதை ஒதுக்கிவிட்டு, தாளில் உள்ள வரியை மட்டும் பாருங்கள்.

பயிற்சிக்குத் தினமும் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பை எடுத்து, இப்படி மூன்று அனுமானங்களை நீங்களே எழுதிச் சோதியுங்கள்.