மாடிக்குப் போனால் மட்டும் கேட்காத விளக்கு

புளியரையில் எங்கள் வீட்டுக் கார்த்திகை எல்இடி சரத்தை நோட்எம்சியு என்ற, தானே வைஃபை தரும் சின்ன கட்டுப்பாட்டு போர்டில் இணைத்து, அந்த வைஃபை வழியாகப் போன் பிரவுசரில் போர்டின் முகவரியான 192.168.4.1 பக்கத்தைத் திறந்து இயக்கினேன். அறைக்குள் சொன்னபடி கேட்டது. மாடியில் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. தூரம் காரணமோ என்று போர்டையே மேலே கொண்டுபோனேன், பலனில்லை. சார்ஜர், கேபிள் மாற்றியதும் வீண்.

விஷயம் வேறு. மலையடி ஊர், அறைக்குள் டவர் எட்டாது; மாடியில் 4ஜி முழுசாக வரும். போர்டின் வைஃபையில் இணையம் இல்லாததால், ஆண்ட்ராய்டு போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவி, போர்டின் பக்கத்தை அங்கே தேடுகிறது. வைஃபை குறி அப்படியே நிற்கும். ஓரத்தில் பொடியாக ஓர் ஆச்சரியக்குறி, அவ்வளவுதான் தடயம். மொபைல் டேட்டாவை அணைத்தேன், சரம் எரிந்தது. அப்பாடா! அப்புறம், 'இணையம் இல்லை, இணைப்பிலேயே இருக்கவா' என்று போன் கேட்டபோது ஆம் கொடுத்தேன். இப்போது டேட்டா ஓடினாலும் தொல்லையில்லை.